கல் இருக்கட்டும், சொல்லை மாற்றுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 29. திருவையாறு பக்கம் ஒரு கிராமம். ஐந்து வருடமாக விரல்களிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி இருக்கிறது. வரன்கள் வந்து வந்து தட்டிப் போகின்றன. போன வருடம் பதினெட்டாம் பெருக்கன்று படித்துறையில் ஒரு பெரியம்மா என் கையிலிருந்து காப்பரிசி வாங்காமல் நகர்ந்துவிட்டார். அதிலிருந்து விசேஷம் எதற்கும் போவதில்லை. ஆன்லைனில் 1,850 ரூபாய்க்கு ரோஸ் குவார்ட்ஸ் கல் வாங்கினேன். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்து, கல்லை நெஞ்சில் வைத்து, ‘நான் அழகு, நான் என்னை முழுமையாக நேசிக்கிறேன்’ என்று 21 முறை சொல்கிறேன். கல்லைப் பிடித்திருக்கும்போது மனது லேசாகிறது. சொல்லும்போது மட்டும் அழுகை வருகிறது. விற்றவர், என் கல் ‘நிரம்பிவிட்டது’, 9,500 ரூபாயில் பெரிய கல் வாங்க வேண்டும் என்கிறார். அண்ணன் சிரிக்கிறான். அவன் மகள், ஆறு வயது, அவள் மட்டும் இன்றைக்கும் என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். நான் செய்வது முட்டாள்தனமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முட்டாள்தனம் இல்லை. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தனக்கென்று கால் மணி நேரம் உட்கார நம் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேருக்கு வாய்க்கிறது? அதை விட்டுவிடாதீர்கள். அண்ணன் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆனால் அந்த 9,500 ரூபாய்க் கல்லை வாங்க வேண்டாம். கல் நிரம்புவதும் கிடையாது, காலியாவதும் கிடையாது. உங்கள் கையில் இருப்பது படிகம். கோயிலில் ஸ்படிக லிங்கம் என்று கும்பிடுகிறோமே, அதே சிலிக்காதான். உள்ளே மிக நுண்ணிய இழைகளாக இன்னொரு கனிமம் கலந்திருப்பதால் ரோஜா நிறம். குளித்துவிட்டுப் படியேறும்போது காலில் ஒட்டிக்கொண்டு வருகிறதே காவிரி மணல், அதிலும் பெரும்பங்கு இதே பொருள்தான். ‘கல்லில் அதிர்வு இருக்கிறது’ என்றும் சொல்லியிருப்பார்கள். கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் படிகத் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்வது உண்மை. அதற்கு பேட்டரியிலிருந்து மின்சாரம் போக வேண்டும். உள்ளங்கையில் சும்மா இருக்கும் கல் அப்படி அதிராது.

நம் ஊருக்குப் படிகம் புதிதும் இல்லை. தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லைத் தேய்த்து மூக்குக் கண்ணாடி செய்து வந்தார்கள். எங்கள் தாத்தாவுடையது ஒன்று தகரப் பெட்டியில் இருந்தது. சின்ன வயதில் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். சித்திரை வெயிலிலும் ஜில்லென்று இருக்கும். சாதாரணக் கண்ணாடியைவிடப் படிகம் உடம்புச் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும், அதுதான் காரணம்.

உங்களுக்கு மனது லேசாவதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். கனமும் குளிர்ச்சியுமாக ஒன்று கைக்குள் வந்ததும் கவனம் அங்கே போகிறது, மூச்சு நிதானமாகிறது. 2001-இல் லண்டனில் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் என்ற உளவியல் பேராசிரியர் 80 பேரை வைத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு நிஜப் படிகம், பாதிப் பேருக்குப் போலி. இரண்டு தரப்புமே உடம்பில் ஒரே மாதிரி உணர்ந்தார்கள். அதற்காக உங்கள் ஆறுதலைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆறுதல் நிஜம். அதைக் கொண்டுவருவது நீங்கள். அதற்கு இந்தச் சின்னக் கல்லே தாராளம். (பௌர்ணமி நிலவில் கல் ஊறிய தண்ணீரைக் குடிக்கச் சொன்னால் மட்டும் வேண்டாம். சாயம் ஏற்றிய கற்களும் விற்பனைக்கு வருகின்றன. மாலகைட் போன்ற கற்களில் செம்பு இருக்கிறது.)

சரி, அழுகைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அதுதான். 2009-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் இதையே ஆராய்ந்தார்கள். ‘நான் நேசிக்கத் தகுந்தவள்’ என்பதுபோல ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, ஏற்கெனவே தன்னைக் குறைவாக நினைப்பவர்களுக்கு மனநிலை இன்னும் கீழே இறங்கியது. வாய் ‘அழகு’ என்கிறது, உள்ளே ஒரு குரல் ‘இல்லை’ என்கிறது. 21 முறை சொன்னால் 21 முறை மறுப்பு. பிறகு அழுகை வராமல் என்ன செய்யும்? கல்லில் குறை இல்லை தங்கச்சி, உங்களிடமும் இல்லை. அந்த வாக்கியம் உங்களுக்கு இன்னும் பெரிய சைஸ் சட்டை.

நம்பக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். தேடவே வேண்டாம், கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்: ‘இந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தூங்குகிறாள்.’ இதை உள்ளே இருக்கும் குரல் மறுக்க முடியாது, ஏனென்றால் நேற்று ராத்திரியும் நடந்தது. நாளைக் காலையில் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிடுங்கள். இடது கையில் கல், வலது கையை மடியில் விரித்து வையுங்கள். பிறகு கல்லைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு விரலாகத் தடவுங்கள், புள்ளி இருக்கும் விரல், இல்லாத விரல் என்று பார்க்காமல். தடவும்போது அந்தக் கை நேற்று செய்த வேலை ஒன்றைச் சொல்லுங்கள். பூ கட்டியது, மாவு கரைத்தது, எதுவானாலும் சரி. ஒரு முறை சொன்னால் போதும். ‘என்னை நேசிக்கிறேன்’ என்பது வரும்போது வரட்டும். வராத நாளிலும் எண்ணெய் தடவுங்கள்.

அப்புறம் மருத்துவம். கடிதத்தில் டாக்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! வெண்புள்ளி தொற்றாது. தோலுக்கு நிறம் தரும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருகிறது. செய்த பாவமும் இல்லை, யாருடைய கண்ணும் இல்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். களிம்பும் ஒளி சிகிச்சையும் இருக்கின்றன. முகத்தில் வந்தது பெரும்பாலும் சீக்கிரம் நிறம் திரும்பும், விரல் நுனியும் உதட்டோரமும் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். சிகிச்சை எடுப்பதும் தன்னை ஏற்றுக்கொள்வதும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை. இரண்டையும் சேர்த்தே செய்யலாம். தூக்கம் கெட்டு, வாழ்வே வேண்டாம் போல் தோன்றும் ராத்திரி வந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம்.

அந்தப் பெரியம்மா செய்தது தவறு. அறியாமையால் செய்திருப்பார், அதற்காக வலி குறையாது. ஆனால் அவருக்காகப் படித்துறையையே விட்டுக்கொடுக்காதீர்கள். வரும் ஆடிப்பெருக்குக்கு அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆற்று மணலில் பிள்ளையார் பிடிக்க அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மஞ்சள் கயிற்றை அவள் கழுத்தில் நீங்களே கட்டுங்கள். கல்லை வேண்டுமானால் பூஜைக் கூடையில் காதோலை கருகமணியோடு போட்டுக்கொள்ளுங்கள். அவள் கேட்டால் கொஞ்ச நேரம் கையில் கொடுங்கள்.