ரெய்டு போடுவதற்கு முன் பில்லைப் பாருங்கள்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி, வீட்டில் அசெம்பிள் செய்யும் கம்ப்யூட்டரில் ரெய்டு போடுவது, அதாவது பல ஹார்டு டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றுபோல் ஓட்டுவது பற்றியே இருந்தன. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு 4 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கி ரெய்டு 1 போட்டேன். 8 டிபி வரும் என்று பார்த்தால் 3.63 டிபிதான் காட்டுகிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா? (சேலம்)

ஏமாற்றவில்லை. ரெய்டு 1-இல் ஒரு டிஸ்கில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். அதனால் ஒரு டிஸ்கின் இடம்தான் உங்களுக்குக் கிடைக்கும். டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. 4 என்பது 3.63 ஆவது அதனால்தான். இதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சண்டை போட வேறு காரணங்கள் இருக்கின்றன, கீழே வருகின்றன.

கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். புது கம்ப்யூட்டர் வாங்கும்போது "ரெய்டு போட்டுத் தருகிறோம், டேட்டா பத்திரமாக இருக்கும்" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதினார். இரண்டு 4 டிபி டிஸ்க், சேர்த்து 7.27 என்று காட்டியது. போன வாரம் ஒரு டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஐந்து கல்யாணப் படங்கள் அதில் இருக்கின்றன. "டேட்டாவுக்குப் பொறுப்பல்ல என்று பில்லிலேயே இருக்கிறதே" என்கிறார்கள். (காரைக்குடி)

7.27 என்ற எண்ணே கதையைச் சொல்லிவிடுகிறது. உங்களுக்குப் போட்டுக் கொடுத்தது ரெய்டு 0. அது ஒவ்வொரு படத்தையும் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒரு துண்டு இந்த டிஸ்கில், அடுத்தது அந்த டிஸ்கில் என்று மாற்றி மாற்றி எழுதும். வேகம் கிடைக்கும், பாதுகாப்பு சுத்தமாகக் கிடையாது. ஒன்று போனால் இரண்டும் போன மாதிரி. டேட்டா பத்திரம் என்று சொல்லி இதைப் போட்டவர் விஷயம் தெரியாதவரா, தெரிந்தும் செய்தவரா என்பது அவருக்கே வெளிச்சம். உங்களுக்கு நஷ்டம் ஒன்றுதான்.

முதலில் கம்ப்யூட்டரை அணைத்து வையுங்கள். சத்தம் போடும் டிஸ்கை மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே ஹெட் தட்டில் உரசிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மீட்க முடிந்ததும் கைவிட்டுப் போகும். "இனிஷியலைஸ் செய்யவா" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்த டிஸ்க் எந்த போர்ட்டில் இருந்தது என்று டேப் ஒட்டி எழுதி, இரண்டையும் சேர்த்தே டேட்டா ரெகவரி லேபில் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்துப் பயனில்லை. டிஸ்கைத் திறக்கத் தூசியில்லாத சுத்த அறை இருக்கிறதா என்று கேளுங்கள், டேட்டா வராவிட்டால் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், அந்த ஐந்து கல்யாணங்களுக்குப் பயன்படுத்திய மெமரி கார்டுகளை இன்றே எடுத்துத் தனியாக வையுங்கள். அழித்த கார்டாக இருந்தாலும், அதன்மேல் புதிதாக எழுதாதவரை படம் மீள வாய்ப்பு உண்டு.

இனி கடைக்காரர். அந்த வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல சாட்சி. போனை ரீசெட் செய்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. "ஸ்டூடியோ என்பது வியாபாரம், நீங்கள் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு கிளப்பலாம். சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல கடைகளுக்கு அதுவே போதும், குரல் இறங்கிவிடும்.

ரெய்டு 1 இருக்கும்போது தனியாக பேக்கப் எதற்கு? (ஓசூர்)

உங்கள் மகன் ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்கிலும் அந்த நொடியே அழியும். அதற்கு.

என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) டிஸ்க் என்று தனியாக விற்பது விலை கூடுதல். அதே கம்பெனியின் சாதா டிஸ்கும் 4 டிபிதானே? ரெய்டு 5-க்கு அதையே மூன்று வாங்கினால் என்ன? (கோயம்புத்தூர்)

வந்துவிட்டீர்கள் என் வயிற்றெரிச்சல் விஷயத்துக்கு.

4 டிபி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த 4 டிபியை எப்படி எழுதுகிறது என்று பெட்டியில் போட மாட்டார்கள். சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை உண்டு. சிஎம்ஆரில் தடங்கள் பக்கம் பக்கமாகத் தனித்தனியே இருக்கும். எஸ்எம்ஆரில் ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒரு ஓடு மாற்ற வேண்டுமானால், அதன்மேல் ஏறியிருக்கும் வரிசையையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா, அதே கதைதான் இங்கேயும். சினிமாவும் பாட்டும் போட்டு வைப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ரெய்டு 5 என்பது டேட்டாவோடு ஒரு சரிபார்ப்புக் கணக்கையும் எல்லா டிஸ்கிலும் பிரித்து எழுதி வைப்பது. அதில் ஒரு டிஸ்க் செத்து, புதியதைப் போட்டு, மொத்தத்தையும் மறுபடி எழுதும்போது தெரியும். தொடக்கத்தில் விறுவிறுவென்று போகும், உள்ளே இருக்கும் தற்காலிக இடம் நிறைந்ததும் நத்தை வேகம். சில சமயம் டிஸ்க் பதில் சொல்லத் தாமதிப்பதைப் பார்த்து, ரெய்டு அதையும் செத்ததாகக் கணக்கெழுதித் தள்ளிவிடும்.

சாதா டிஸ்கில் இன்னொரு சிக்கல். படிக்க முடியாத ஓர் இடம் வந்தால் அது விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். ரெய்டுக்கென்று செய்த டிஸ்க் ஏழு விநாடி வாக்கில் "முடியவில்லை" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். மற்ற டிஸ்குகளிலிருந்து அந்த இடத்தைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம்.

அதற்காக என்ஏஎஸ் என்ற பெயரை நம்பி வாங்கினால் சரியா? அதுவும் இல்லை. 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசை, அதாவது என்ஏஎஸ்ஸுக்கென்றே விற்ற டிஸ்க், 2 முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர் என்று வெளியே வந்தது. வாங்கியவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. கூடுதல் விலை கொடுத்தவன் தலையில்தான் மிளகாய் அரைத்தார்கள். அமெரிக்காவில் வழக்கு போனது. பிறகு சிஎம்ஆர் மாடல்களை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். சீகேட்டில் பாரகுடா டெஸ்க்டாப் டிஸ்குகளில் பல எஸ்எம்ஆர், அயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர்.

ஆகவே பிராண்டைக் கேட்டு வாங்காதீர்கள், மாடல் எண்ணைக் கேளுங்கள். 4 டிபி ரெட்டில் கடைசி எழுத்துகள் ஈஎஃப்ஆர்எக்ஸ் என்றால் சிஎம்ஆர், ஈஎஃப்ஏஎக்ஸ் என்றால் எஸ்எம்ஆர். ஒரே எழுத்து வித்தியாசம். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடையில் சொல்வார்கள். சொல்பவரிடம், பில்லில் முழு மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லிப் பாருங்கள்.

ஆன்லைனில் "புத்தம் புதியது" என்று போட்டிருந்த 16 டிபி டிஸ்க் வாங்கினேன். விலை பாதி. ஸ்மார்ட் தகவலில் (டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவு) 3 மணி நேரம்தான் ஓடியதாகக் காட்டுகிறது, ஆனால் ஸ்க்ரூ துளையில் கீறல் இருக்கிறது. (திருநெல்வேலி)

கண்ணை நம்புங்கள். ஓடிய மணிக்கணக்கைத் துடைத்துப் பூஜ்யமாக்கி விற்பது நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் புதிது என்று விற்ற சீகேட் டிஸ்குகள் பல, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை என்று பிடிபட்டன. ஸ்மார்ட் கணக்கு சுத்தமாக இருந்தது, ஃபார்ம் என்ற இன்னொரு பதிவேடு காட்டிக்கொடுத்தது. உங்களுடையது சீகேட் என்றால், ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அந்தப் பதிவைப் படிக்கலாம். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் படம் பிடித்து வையுங்கள். எந்தக் கம்பெனியானாலும் சீரியல் எண்ணை அதன் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். உடனே திருப்பி அனுப்புங்கள், "ரிட்டர்ன் இல்லை" என்று மழுப்பினால் விடாதீர்கள். பில்லில் காலக்கெடு எதுவும் எழுதாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் பாதி விலைக்கு ஆசைப்பட்டது உண்மைதான். அதற்காக, பழையதைப் புதிது என்று விற்றது நியாயமாகிவிடாது.

ரெய்டு 5, மூன்று டிஸ்க். ஒன்றில் மூன்று மாதமாகச் சிவப்பு எச்சரிக்கை, ஆனால் எல்லாம் திறக்கிறது. தீபாவளி ஆஃபர் வரை தள்ளலாமா? (மதுரை)

மூன்று மாதமா! இந்த வரியைப் படிக்கும்போதே காப்பி எடுக்க ஆரம்பியுங்கள். ரெய்டு 5 தாங்குவது ஒரு டிஸ்க் சாவைத்தான். அந்த ஒன்று போய்விட்டால், அடுத்ததுக்கு அடியில் வலை இல்லை. மூன்றும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியிருப்பீர்கள், ஒரே வயது. முதலில் காப்பி, பிறகுதான் புது டிஸ்கைப் போட்டு மறுநிர்மாணம். அந்த வேலைதான் மிச்ச இரண்டையும் மூலை முடுக்கு விடாமல் படிக்கவைக்கும். ஆஃபரில் வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிச்சி தெருவில் பழைய சர்வர் ரெய்டு கார்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா, மதர்போர்டு ரெய்டே போதுமா? (தாம்பரம்)

நான் வாங்கினேன். ஒரு ஆபீஸ் கழித்துப் போட்ட சர்வரிலிருந்து கழற்றியது. பேட்டரி செத்திருந்தது. பேட்டரி செத்தால் கார்டு, கரண்ட் போனால் என்னாவது என்று பயந்து, கேஷில், அதாவது தற்காலிக நினைவகத்தில், எழுதி வைப்பதை நிறுத்திவிடும். கூடவே வேகமும் போச்சு. புது பேட்டரி விசாரித்தால் கார்டைவிட விலை. சர்வருக்குள் அடிக்கும் காற்று என் கேபினெட்டில் ஏது, கைவைத்தால் சுட்டது. இப்போது பரணில் கிடக்கிறது. வேண்டுமானால் கூரியரில் அனுப்புகிறேன், செலவு உங்களுடையது.

வீட்டுக்கு இரண்டு டிஸ்க் மிரர், அதாவது ரெய்டு 1 போதும். அதைச் சாஃப்ட்வேரிலேயே போடலாம், விண்டோஸில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ், லினக்ஸில் எம்டிஏடிஎம். போர்டு செத்தாலும் டிஸ்கைக் கழற்றி, அதே இயக்கமுறை உள்ள வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படித்துக்கொள்ளலாம். மதர்போர்டு ரெய்டு என்றால் அதே இனத்து போர்டைத் தேடி அலைய வேண்டி வரலாம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. தனி யுபிஎஸ் வேண்டுமா? (விழுப்புரம்)

இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு பட்டன் இருந்தால் அதைப் போட்டு, கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது மெயினை அணைத்துப் பாருங்கள். ரீஸ்டார்ட் ஆனால் தனி யுபிஎஸ் வாங்குங்கள். ரெய்டு 5-இல் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், டேட்டாவும் அதன் சரிபார்ப்புக் கணக்கும் ஒத்துப்போகாமல் நிற்கும். அது பிறகு ஒரு டிஸ்க் சாகும்போதுதான் தெரியவரும்.

டிஸ்கை மதர்போர்டில் இணைக்கும் சிவப்பு சாட்டா கேபிள், கறுப்பைவிட வேகம் என்று மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். (திருப்பூர்)

நிறத்தில் வேகம் இல்லை. முனையில் கிளிப் இருப்பதாகப் பார்த்து மலிவானதை வாங்குங்கள்.