பதினொன்றரைக்கு யார் போய்க் கூட்டி வருவது?

முதலாம் வகுப்பு விண்ணப்பக் காலம் நெருங்கினால் என் தபால் கட்டு தடித்துவிடும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடம் பற்றியவை, அதிலும் பெரும்பாலானவை புதிதாகக் காணி வாங்கி வீடு கட்டி வந்தவர்கள் எழுதியவை. ஆகவே சமையல், மருமகள், முட்டுவலி எல்லாம் அடுத்த இதழுக்கு.

*வணக்கம் ரீச்சர். இருபாலைப் பக்கம் தோட்டக்காணியைத் துண்டு பிரித்து விற்ற இடத்தில் இரண்டு பரப்பு வாங்கி வீடு கட்டி, போன வருடம்தான் குடிவந்தோம். சுற்றிவரப் பதினெட்டு வீடுகள், எல்லாரும் எங்களைப் போலப் புதியவர்கள். மகனுக்கு வருகிற ஜனவரிக்குள் ஐந்து வயது முடிகிறது. யாழ்ப்பாண ரவுணில் பெயர்பெற்ற பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பாடசாலை இருக்கிறது, நடந்தே போகலாம், ஆனால் எங்கள் குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளையும் அங்கே போவதில்லை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.*
– ஒரு தாய், இருபாலை

தங்கச்சி, முதலில் உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் நினைக்கிற பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு இருக்கிறதா? சிரிக்காதீர்கள், இதைப் பார்க்காமலே சண்டை பிடிக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். வேம்படி மகளிர், யாழ் இந்துக் கல்லூரி, பருத்தித்துறைப் பக்கம் போனால் ஹாட்லி, இவை எல்லாம் தரம் 6 இல்தான் தொடங்குகின்றன. யாழ் இந்து ஆரம்பப் பாடசாலை என்பது தனிப் பாடசாலை, அதற்குத் தனி அதிபர். ஐந்து வயதுப் பிள்ளைக்காக இப்போது படுகிற பாட்டில் பாதி, ஐந்து வருடம் கழித்துப் பட வேண்டிய பாடு.

சரி, ஆரம்பப் பிரிவு உள்ள ஒரு ரவுண் பள்ளிக்கூடம்தான் அவர் மனதில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரச பாடசாலைகளுக்குக் கல்வி அமைச்சு வருடா வருடம் ஒரு சுற்றறிக்கை வெளியிடும். பல வருடமாக அதில் கணக்கு இப்படித்தான் போகிறது: இடங்களில் பாதி அருகில் வசிக்கிறவர்களுக்கு, கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 சதவீதம் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு, மிச்சத்தைக் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்று வந்த உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். உங்கள் கணவர் அங்கே படித்தவர் என்றால் அந்த வழியால் போய்ப் பார்க்கலாம். அதை நீங்கள் எழுதவில்லை, எழுதாததால் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் உங்களுக்கு மிஞ்சுவது அருகில் வசிப்போர் பிரிவு, புது வீட்டுக்காரருக்கு இடி விழுகிற இடமும் அதுதான். முந்திய ஐந்து வருடம் வாக்காளர் இடாப்பில் அந்த விலாசத்தில் உங்கள் பெயர் இருந்ததா என்று பார்ப்பார்கள். உங்களுக்கு ஒரு வருடம், அதுவும் கிராம அலுவலரின் படிவத்தை மறக்காமல் நிரப்பிக் கொடுத்திருந்தால். காணி உறுதி உங்கள் பெயரில் இருப்பது நல்லது, ஆனால் அதுவும் புதுசு. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டுக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் இடையில், பிள்ளை சேரக்கூடிய வேறு அரச ஆரம்பப் பாடசாலை எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கும் புள்ளி வெட்டுவார்கள். இருபாலையில் இருந்து கல்வியங்காடு, நல்லூர் தாண்டி ரவுணுக்குப் போகிற வழியில் எத்தனை பள்ளிக்கூடம் என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு ஒரு கை விரல் போதவில்லை.

இதற்காகத்தான் சிலர் ரவுணில் சித்தப்பாவின் விலாசத்தை இரவல் வாங்குகிறார்கள். செய்யாதீர்கள். தேர்வுச் சபை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைப் பார்க்க வரும், தற்காலிகப் பட்டியல் போட்ட பிறகு அயலவர் ஆட்சேபனையும் எழுதலாம். நான் ஒருமுறை நேர்முகத் தேர்வுச் சபையில் இருந்தேன், எந்தப் பள்ளிக்கூடம் என்பது வேண்டாம். தாய் கோப்பிலிருந்து கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் கால் தரையில் முட்டாமல் கதிரையில் இருந்த பிள்ளைக்கு அலுப்படிக்கக் கூடாதே என்று, உங்கட வீடு எங்கே இருக்கு அப்பு என்று கேட்டேன். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்து, "எந்த வீடு ரீச்சர்?" என்றது. தாய் கடதாசிகளைத் திரும்பக் கோப்புக்குள் வைக்கத் தொடங்கிவிட்டார்.

இப்போது ஒழுங்கை முனைப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அதை நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி இருப்பது இரண்டே விஷயம், சின்னது, நம் பிள்ளைகள் போவதில்லை. ஒரு நாள் காலை ஏழேகாலுக்கு வாசலில் போய் நில்லுங்கள். ஏழரைக்கு மணி அடிக்கும்போது எத்தனை ஆசிரியர் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். தரம் 1 முதல் 5 வரை வகுப்புக்கு ஒரு ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை இரண்டு வகுப்பைச் சேர்த்து வைத்து ஒருவர் இழுக்கிறாரா என்று கேளுங்கள். அங்கே படிக்கிற ஏதாவதொரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பாருங்கள், இது அதிபரின் பேச்சை விட நம்பகமானது. சிவப்பு மையில் கடைசியாகத் திருத்திய திகதி என்ன? போன கிழமை என்றால் நல்லது. போன மாதம் என்றால் யோசியுங்கள். சரிக் குறி மட்டும் வரிசையாகப் போட்டிருக்கிறதா, பிழையைப் பிழை என்று காட்டி, பக்கத்தில் சரியானதை எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். நூலக அலுமாரிப் பூட்டு கறள் பிடித்திருந்தால் அந்தப் புத்தகங்களை யாரும் தொடுவதில்லை. கழிப்பறைக்கும் போய்ப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். ஐந்து மணித்தியாலம் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிற பெண்பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன், அதில் பெரிய பெயர் உள்ள இடத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இன்னுமொன்று, இதை இவரிடம் கட்டாயம் கேளுங்கள். முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பதினொன்றரைக்கே விட்டுவிடுவார்கள். ரவுணில் பதினொன்றரைக்கு யார் போய்க் கூட்டி வருவது? அவர் வேலைக்குப் போகிறவர் என்று நினைக்கிறேன். ஆக, ஓட்டோ. காலை ஆறேகாலுக்கு ஒழுங்கை முகப்பில் ஒரு ஓட்டோ வந்து நிற்கும், உள்ளே ஏற்கெனவே ஏழு பிள்ளைகள், பைகள் வெளியே தொங்கும், உங்கள் மகன் யாரோ ஒருவரின் மடியில். மத்தியானம் பெரிய வகுப்புப் பிள்ளைகள் விடுகிற வரைக்கும் அதே ஓட்டோவுக்குள் அல்லது மரத்தடியில் காவல். அவனுக்கு நித்திரை போதாமல் அழுவதை அவன் படிப்பில் நாட்டமில்லாதவன் என்று பிறகு நாம் சொல்லுவோம்.

அதற்காகப் பக்கத்துப் பள்ளிக்கூடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. போய்ப் பார்த்து, ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைப் பார்க்கிறார், அதிபர் கதிரை காலி என்றால், அதற்கு அடுத்த கிட்டிய பாடசாலையைப் பாருங்கள், இருபாலை, கோப்பாய், கல்வியங்காடு என்று உங்களைச் சுற்றி வேறும் இருக்கின்றன. ஆனால் பள்ளிக்கூடம் பரவாயில்லை, பிள்ளைகள்தான் குறைவு என்றால், அந்தப் பதினெட்டு வீட்டில் அதே வயதுப் பிள்ளை உள்ள தாய்மாரை ஒரு பின்னேரம் தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கள். ஆசிரியர் எண்ணிக்கை மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் தரப்படுகிறது. நான்கைந்து பிள்ளைகள் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால் அந்தச் சின்ன வகுப்பில் அது சின்ன விஷயம் இல்லை, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் உங்கள் குரல் கேட்கும். ரவுணில் நாற்பது பெற்றோருக்குள் நீங்கள் கடைசிக் கதிரை.

*எங்கள் புதுக் குடியிருப்புக்குப் பக்கத்துப் பாடசாலையைப் பற்றி விசாரித்தபோது ஒரு பெரியவர், "அங்கே ஆருடைய பிள்ளைகள் படிக்கிறது என்று தெரியாதோ?" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?*
– பெயர் வேண்டாம், கோண்டாவில்

நான் என்றால், "தெரியாது ஐயா, நீங்களே சொல்லுங்கோ" என்று அவர் வாயாலேயே முழுக்கச் சொல்ல வைத்திருப்பேன். அரைவசனத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு முழு வசனம் கஷ்டம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்க வேண்டும் என்று சமாசனப் போராட்டம் நடந்து ஏறக்குறைய நூறு வருடமாகப் போகிறது. அந்த வாங்கில் இருக்க விரும்பாதவர்கள் இப்போது வாங்கை உடைப்பதில்லை, ஓட்டோ பிடித்து வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைகிறது, ஆசிரியர் குறைகிறது, பெறுபேறு குறைகிறது, "பார்த்தியளோ, நான் சொன்னனான்" என்று அதே பெரியவர் சொல்லுவார். பாடசாலையைப் போய்ப் பாருங்கள், மேலே இருபாலைத் தங்கச்சிக்குச் சொன்ன அத்தனையும் உங்களுக்கும் பொருந்தும். இந்தக் காரணத்துக்காக மட்டும் விடாதீர்கள்.

*மகள் தரம் 4, கிட்டிய பாடசாலையில் படிக்கிறாள், கெட்டிக்காரி. சுற்றிவர எல்லாரும் இப்போதே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு டியூட்டரிக்கு அனுப்புகிறார்கள். ரவுண் பாடசாலைக்கு இப்போதே மாற்றினால்தான் பாஸ் பண்ணுவாள் என்கிறார்கள். உண்மையா?*
– மானிப்பாய் வாசகி

புலமைப்பரிசில் பாஸ், ஃபெயில் என்று வைக்கிற பரீட்சை இல்லை, அது இரண்டு காரியத்துக்கு: வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணம், தரம் 6 இல் வேறு பாடசாலை விரும்புகிறவர்களுக்கு அனுமதி. இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி, வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. நீங்கள் இருப்பது மானிப்பாயில், அந்த ஊரிலேயே தரம் 6க்கு மேலும் படிக்க நல்ல பள்ளிக்கூடங்கள் இருக்கும்போது எதற்காக இந்த ஓட்டம் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். நான்காம் வகுப்பின் நடுவில் பாடசாலை மாற்றினால் பிள்ளை முதல் தவணை முழுக்கச் சிநேகிதி தேடுவதில்தான் கழிக்கும். மாற்ற வேண்டாம். ஒரு டியூட்டரி போதும், அதுவும் அவள் விரும்பிப் போனால். கடந்தகால வினாத்தாள்களை வீட்டில் நேரம் வைத்துச் செய்யப் பழக்குங்கள். பரீட்சை முடிந்து பெறுபேறு வந்த அன்று, புள்ளியை வாட்ஸப்பில் போடாமல் இருந்தால் பெரிய புண்ணியம்.

*சுவிஸிலிருந்து குடும்பத்தோடு திரும்பிவிட்டோம். சுன்னாகத்தில் வீடு. பிள்ளைகளுக்கு 7 வயதும் 12 வயதும். சர்வதேசப் பாடசாலையா, அரச பாடசாலையா? தமிழ் பேசுவார்கள், வாசிப்பு மெதுவாகத்தான்.*
– ஒரு தகப்பன்

தம்பி, இரண்டு பிள்ளைக்கும் ஒரே பதில் இல்லை. ஏழு வயதுக்காரரைத் தயங்காமல் தமிழ்மொழி மூலப் பாடசாலையில் விடுங்கள், ஒரு வருடத்தில் உங்களைத் திருத்தும். பெரியவர்தான் சிக்கல். கணக்கு எங்கேயும் கணக்குத்தான், ஆனால் ஏழாம் வகுப்பு வரலாறும் சைவ சமயமும் தமிழில் வாசித்து விளங்கி விடை எழுதுவது முதல் வருடம் மலை மாதிரி இருக்கும். சில அரச பாடசாலைகளில் தரம் 6 முதல் கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கலாம், இருமொழிக் கல்வி என்பார்கள். எந்தப் பாடசாலையில் இருக்கிறது, அந்த வகுப்பில் இடம் இருக்கிறதா என்று வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள், சுன்னாகம் என்றால் உங்களுக்கு வலிகாம வலயம், யாழ்ப்பாண வலயம் அல்ல. அங்கே ஒரு முற்பகல் வீணாகும், பரவாயில்லை.

சர்வதேசப் பாடசாலை என்று பலகை போட்டதெல்லாம் ஒன்றல்ல. பணம் கட்டுவதற்கு முன் எந்தப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், உள்ளூர்ப் பாடத்திட்டமா, லண்டன் பரீட்சையா? இங்கே அரச பல்கலைக்கழகத்துக்கு வழமையான வழி உள்ளூர் உயர்தரப் பரீட்சை, அதன் புள்ளிகளைப் பாடத்துக்குப் பாடம் ஒப்பிடச் சமப்படுத்திக் கணிக்கிற இசட் புள்ளி, மாவட்ட ஒதுக்கீடு. நாளைக்கு மகன் யாழ் மருத்துவபீடம் என்று கேட்டால் அந்த வழியில் அவர் நிற்க வேண்டும். திரும்ப சுவிஸுக்கே படிக்க அனுப்பும் எண்ணம் என்றால் கதை வேறு, அதை இப்போதே மனைவியோடு வெளிப்படையாகக் கதைத்து முடிவெடுங்கள். பலர் இதைப் பதினாறு வயதில்தான் கதைக்கிறார்கள்.

*முதலாம் வகுப்புக்குச் சேர்க்க நன்கொடை என்று ஒரு தொகை கேட்கிறார்கள், ரசீது தரமாட்டார்களாம். கொடுக்கலாமா?*
– நாவற்குழி

கூடாது. அரச பாடசாலையில் அனுமதிக்குப் பணம் கேட்பது குற்றம், இலஞ்ச ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. அபிவிருத்திச் சங்கச் சந்தா வேறு, அதற்கு ரசீது உண்டு.

*மகளுக்கு நாலரை வயது. முன்பள்ளியில் இன்னும் எழுத்து ஒழுங்காக வரவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை ஏபிசிடி முழுக்க எழுதுகிறாள். நேர்முகத் தேர்வில் பிள்ளையைக் கேட்பார்களா?*
– கொக்குவில்

பிள்ளைக்குப் பரீட்சை வைக்கக் கூடாது, தேர்வு உங்கள் கடதாசிகளுக்குத்தான். விஜயதசமிக்குத் தட்டில் பரப்பிய அரிசியில் ‘அ’ எழுதினாளா? அது போதும். பெயர் கேட்டால் சொல்லவும், சப்பாத்தைத் தானே கழற்றிப் போடவும், கழிப்பறைக்குப் போக வேண்டுமென்று ரீச்சரிடம் சொல்லவும் பழக்குங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சப்பாத்து போடத் தெரியுமா என்று ஒருக்கால் பாருங்கள்.