ஸ்லாப் செரிஃப் எழுத்தைப் பற்றிக் கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்றன்

திருகோணமலையில நேம் போர்ட் டிசைன் செய்ற ஆள் நான். போன கிழமை போட்ட கடை போர்ட் படத்தில இருந்த தடிச்ச இங்கிலீஷ் எழுத்து என்னண்டு கனபேர் கேட்டிருந்தியள், அது ரொக்வெல், ஒரு ஸ்லாப் செரிஃப் எழுத்து. செரிஃப் எண்டா எழுத்துக் கோட்டின்ர நுனியில இருக்கிற சின்னக் குறுக்குக் கோடு, நாங்க 'கால்' எண்டுவம்; அது தடிப்பா இருந்தா ஸ்லாப். மிச்சக் கேள்விக்கெல்லாம் இதிலயே பதில் போடுறன்.

கேள்வி: அண்ணா, டைம்ஸ் நியூ ரோமனுக்கும் கால் இருக்குத்தானே, பிறகென்ன ஸ்லாப்?

பதில்: இருக்கு தம்பி, ஆனா அதின்ர கால் நுனியில மெலிஞ்சு கூராப் போகும். ஸ்லாப்பில கால், தண்டு (எழுத்தின்ர நிமிந்த கோடு) அளவுக்கே தடிப்பா, பலகைத் துண்டு வெட்டி வச்ச மாதிரி நிக்கும். ரொக்வெல்லில (1934, மொனோடைப் கொம்பனி) காலும் தண்டும் நேர் மூலையா முட்டும், கிளாரண்டன் எண்ட மற்ற ஸ்லாப்பில சேர்ற இடத்தில சின்ன வளைவு இருக்கும்.

கேள்வி: ஸ்லாப்பை ஈஜிப்ஷியன் எண்டும் சொல்லுறாங்களே, எகிப்தில இருந்து வந்ததோ?

பதில்: இல்லவே இல்ல, லண்டன்காரர் வேலை. நெப்போலியன் 1798ல எகிப்துக்குப் படையோட போனாப் பிறகு ஐரோப்பாவில எகிப்துப் பைத்தியம், அதில ஒட்டின பேர். லண்டனில அச்செழுத்து வார்த்த வின்சென்ட் ஃபிகின்ஸ் தன்ர ஸ்லாப் எழுத்துக்கு வச்ச பேர் அன்டிக். சுவரொட்டிக்கும் லொத்தர் நோட்டீசுக்கும் எண்டு வந்தது, புத்தகத்துக்கு இல்ல.

கேள்வி: நிலாவெளியில கெஸ்ட் ஹவுஸ் போர்ட், முழுக்க இதிலயே போடலாமோ அண்ணை?

பதில்: பேரை மட்டும் போடுங்கோ. ஏசி இருக்கு, டொல்பின் பாக்கக் கூட்டிப்போவம், போன் நம்பர் எண்டு எல்லாத்தையும் அதே தடிப்பில போட்டா ஆட்டோவில போறவருக்குக் கறுப்புத் திட்டுத்தான் தெரியும். எழுத்துக்கிடையில கொஞ்சம் இடமும் விடுங்கோ, காலோட கால் இடிக்கும்.

கேள்வி: மூண்டு பாஷையிலயும் போர்ட் வேணும், தமிழுக்கு ஸ்லாப் இருக்கோ?

பதில்: தமிழ் எழுத்துக்கு இந்தச் செரிஃப் காலே இல்லையே, எங்க கொண்டுபோய் ஒட்டுறது? ஒருக்கா 'ட'வுக்குக் கட்டை வச்சு நானே கீறிப் பாத்தன், வீட்டில மனுசி பாத்திட்டு இது இங்கிலீஷ் எல் எல்லோ எண்டு கேட்டுது, அண்டைக்கு விட்டதுதான். அதால கோட்டின்ர தடிப்பைப் பொருத்தப் பாருங்கோ, 'அனெக் தமிழ்' எண்ட ஃபொன்ட் ரொக்வெல்லுக்குப் பக்கத்தில சண்டை பிடிக்காம நிக்கும், 'பலூ தம்பி' எண்ட ஃபொன்ட் பேக்கரிக்குச் சரி, லோயர் ஒஃபிசுக்குச் சரிவராது. இங்கிலீஷ் அளவுக்குத் தடிப்பாக்கினா 'ஞ', 'இ' உள்ளுக்க இருக்கிற வெளி அடைபட்டுடும், ஒரு படி மெல்லிசா எடுத்துக் கொஞ்சம் பெருசாக்கினாக் காணும். சிங்கள வட்டங்களுக்கும் இதே கதைதான். தமிழைச் சின்னனாப் போட்டிட்டு இடம் காணேல்ல எண்டு மட்டும் வந்து சொல்லாதேங்கோ, கோவம் வரும்.

கேள்வி: கூரியர் ஃபொன்டும் ஸ்லாப்தானாம், சிவிக்கு நல்லமோ?

பதில்: ஓம் தங்கச்சி, ஸ்லாப்தான். ஐபிஎம் டைப்ரைட்டருக்குச் செஞ்சது, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் எண்டதால ஒல்லியான எழுத்துக்கு நீளக் கால் வச்சு இடத்தை நிரப்பியிருக்கு. சிவிக்கு வேண்டாம். தலைப்புக்கு மட்டும் ரொபோட்டோ ஸ்லாப் போடுங்கோ, கூகிளில சும்மா எடுக்கலாம்.

கேள்வி: எங்கட கழக ஜேர்சி நம்பருக்கு?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு போடுங்கோ. கிரவுண்டின்ர மற்றப் பக்கத்தில நிண்டு 1 எது 7 எது எண்டு பிரிக்க அந்தக் கால்தான் உதவும்.