அப்பாவின் ஜிமெயிலைத் தமிழுக்கு மாற்றி, பாதுகாப்பாகவும் வைக்க என்னென்ன செட்டிங்ஸ் மாற்ற வேண்டும்?

முதலில் மொழி, அப்புறம்தான் பாதுகாப்பு. இப்படிச் சொன்னாலே, "தமிழில் வைத்தால் ஒன்றுமே புரியாது, இங்கிலீஷே இருக்கட்டும்" என்பார்கள். நமக்கு இங்கிலீஷ் பழகிவிட்டதால் தமிழ் மெனு விநோதமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். உங்கள் அப்பாவுக்கு எது படிக்க வரும் என்பதுதான் கேள்வி. யாரோ புதுக் கணினியிலிருந்து அவர் கணக்கில் நுழைந்தால் கூகுள் எச்சரிக்கை மெயில் அனுப்பும். அது அந்தக் கணக்கின் மொழியில் வரும். படிக்க முடியாமல் அதை மூடிவிடுகிறவருக்கு எத்தனை பூட்டு போட்டுக் கொடுத்தும் பயனில்லை.

மொழியை இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவதால்தான் பாதி தமிழ், பாதி இங்கிலீஷாக நிற்கிறது. வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டு, கூகுள் கணக்கு மேலாண்மைப் பக்கத்துக்குள் போங்கள். தனிப்பட்ட தகவல் பகுதியில் 'மொழி' இருக்கும். அங்கே தமிழை முதன்மை மொழியாக்குங்கள். எச்சரிக்கை மெயில்களின் மொழியை முடிவு செய்வது இதுதான். அடுத்தது ஜிமெயிலுக்குள்: பல்சக்கரம், எல்லா அமைப்புகளும், முதல் தாவல், அதில் முதல் வரியிலேயே மொழிப் பட்டியல். மாற்றியதும் அந்த நீளமான பக்கத்தின் அடிவரை இறங்கி, சேமிக்கும் பட்டனை அழுத்த வேண்டும். இதை மறந்துவிட்டு "மாற்றினேன், திரும்பவும் பழையபடி ஆகிவிட்டது" என்கிறவர்கள்தான் அதிகம். போனில் உள்ள ஜிமெயில் ஆப் பொதுவாகப் போனின் மொழியைப் பார்த்துக்கொள்ளும்.

அதே மொழி வரிக்குக் கீழே உள்ளீட்டுக் கருவிகளை இயக்கும் கட்டம் இருக்கிறது. டிக் செய்து, திருத்து என்பதைத் தொட்டால் பட்டியல் திறக்கும். தமிழுக்குப் பல வகை உண்டு. அப்பா ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியவர் என்றால் ஒலிபெயர்ப்பு வகையை எடுங்கள்; தட்டி ஸ்பேஸ் அடித்ததும் தமிழாகும். 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையும் அதே பட்டியலில் இருக்கிறது. எதை எடுத்தாலும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில்தான் எழுதும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டி அனுப்பினால், எதிர்முனையில் அந்த எழுத்துரு இல்லாதவருக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கணினியின் விசைப்பலகையைத் தமிழில் விட்டுவிட்டு பாஸ்வேர்டு அடித்தால் உள்ளே போகாது. கூகுள் பாஸ்வேர்டில் தமிழ் எழுத்தை ஏற்காது. திரையில் புள்ளிகளாகத் தெரிவதால் காரணம் பிடிபடாமல் திரும்பத் திரும்ப அடிப்பார். பாஸ்வேர்டைக் காட்டும் கட்டத்தை டிக் செய்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

இனி பாதுகாப்பு. பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் அதற்கு உங்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள். பாசத்தில் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு இது. ஒவ்வொரு முறையும் அப்பா போன் போட்டு "நம்பர் வந்ததாப்பா?" என்று கேட்பார், நீங்கள் ஆறு இலக்கத்தைச் சொல்வீர்கள். போனில் கோடு கேட்பதும் சொல்வதும் வீட்டில் சாதாரணப் பழக்கமாகிவிடும். நாளை பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன் கேட்டாலும் அவர் தயங்கமாட்டார். சரிபார்ப்பு அவர் போனிலேயே நடக்கட்டும். பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் பூட்டையே பயன்படுத்தும் பாஸ்கீ போட்டால் விரல் வைத்தால் போதும், கோடே வேண்டாம். உங்கள் எண்ணை, கணக்குக்குள் போக முடியாமல் போனால் மீட்க உதவும் மீட்பு எண்ணாக மட்டும் கொடுக்கலாம்.

பேக்கப் கோடுகளை எடுத்துவைக்காமல் எழுந்திருக்காதீர்கள். பத்து கோடுகள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். புதிதாகப் பத்து எடுத்தால் பழைய பத்தும் செல்லாது. அதனால் பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். அச்செடுத்து பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள். போன் தொலைந்த அன்று கைகொடுப்பது அந்தத் தாள்தான். மெயிலுக்குள்ளேயே சேமித்துவைப்பவர்களும் இருக்கிறார்கள். கணக்குக்குள் போக முடியாதபோது அது எப்படி உதவும்?

பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றச் சொல்லாதீர்கள். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. இன்னமும் எத்தனையோ அலுவலகங்கள் முப்பது நாளுக்கு ஒருமுறை மாற்று என்று ஊழியர்களை விரட்டுகின்றன. விளைவு, பெயருக்குப் பின்னால் மாதத்தின் பெயர், மேசையில் ஒட்டிய சீட்டு. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017லேயே, காரணமில்லாமல் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டது. நீளமாக ஒன்று, வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்று. கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் மட்டும் மாற்றினால் போதும்.

அதிகம் பேர் பார்க்காமல் விடுவது ஃபார்வர்டிங், பில்டர் இரண்டையும்தான். கணினி பிரவுசரில் உட்கார்ந்து பாருங்கள், போன் ஆப்பில் இவற்றை மாற்ற முடியாது. நுழைந்த திருடன் பாஸ்வேர்டைத் தொடாமலே போவதுண்டு. வரும் மெயிலெல்லாம் தன் முகவரிக்கும் போகும்படி ஃபார்வர்டிங் வைப்பான். அல்லது, பேங்கிலிருந்து வருவதைப் படித்ததாகக் குறித்து நேரே குப்பைக்கு அனுப்பு என்று ஒரு பில்டர் எழுதுவான். கணக்கு வழக்கம்போல ஓடும், பேங்க் மெயில் மட்டும் கண்ணில் படாது. நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த பில்டர் அங்கேயே இருக்கும், தேடி அழிக்க வேண்டும். ஃபார்வர்டிங் புதிதாகப் போட்டால் முதல் ஒரு வாரம் இன்பாக்ஸின் மேலே ஜிமெயில் ஒரு அறிவிப்பு காட்டும். அதைத் தமிழில் பார்த்தால் அப்பா "இது என்ன முகவரி?" என்று உங்களைக் கேட்பார். மொழியை முதலில் வைத்தது இதற்காகத்தான்.

கணக்குகள் தாவலையும் திறந்து, வேறு யாருக்காவது இந்த மெயிலைப் படிக்க அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் தாவலில், வெளிப் படங்களைக் காட்டும் முன் கேட்கும்படி வையுங்கள்; மெயிலைத் திறந்ததை அனுப்பியவனுக்குச் சொல்லிவிடும் ஒரு புள்ளி அளவு படம் பல விளம்பர மெயில்களில் இருக்கும். இன்பாக்ஸின் வலது அடியில் சிறு எழுத்தில் 'விவரங்கள்' என்று இருப்பதைத் தொட்டால், கடைசியாக எங்கிருந்து, எந்த பிரவுசரில் திறந்தார்கள் என்ற பட்டியல் வரும். மற்ற இடங்களிலிருந்து வெளியேற்றும் பட்டனும் அங்கேயே உண்டு.

"எல்லாவற்றையும் கூகுளே பார்க்கிறது, இதில் என்ன பாதுகாப்பு" என்பவர்களுக்கு: அது நியாயமான கவலை, ஆனால் வேறு கவலை. இங்கே தடுப்பது பேங்க் கணக்கைத் துடைக்க வருகிறவனை.

கணக்கு ஏற்கெனவே படிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் பயப்பட வேண்டாம். பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே இருக்கும், 'தமிழ்' என்றே தெரியும். அரபி, உருது போல வலமிருந்து இடமாகப் போகும் மொழி என்றால் மட்டும் பக்கமே இடம் மாறியிருக்கும்; பல்சக்கரத்தை இடது மேல் மூலையில் தேடுங்கள்.