பால்பவுடருக்காக ஆர்டியை உடைக்கலாமா?

கேள்வி: ஓசூரில் தனியார் கம்பெனியில் வேலை. கைக்கு 28,000 ரூபாய் வருகிறது. மனைவிக்கு வேறொரு கம்பெனியில் 24,000. முதல் குழந்தைக்கு இப்போது 2 மாதம், தாய்ப்பால் மட்டும்தான். பிரசவத்துக்கு 4 வாரம் முன்பே லீவு எடுத்ததால், குழந்தைக்கு 5 மாதம் ஆகும்போது மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் அம்மா பார்த்துக்கொள்வார். ஆனால், "இப்போதே பவுடர் பால் பழக்கினால்தான் அப்போது குடிக்கும்" என்கிறார். மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கினால் கடையில் விலை குறைத்துத் தருகிறார்களாம். ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) 40,000 சேர்ந்திருக்கிறது. அதை உடைத்து வாங்கலாமா? முதல் வருடத்துக்கு மாதம் எவ்வளவு ஒதுக்குவது?

பதில்: ஆர்டியை உடைக்க வேண்டாம். பவுடரையும் இப்போது வாங்க வேண்டாம்.

குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் தாய்ப்பால் ஊறும். ஒரு வேளை பவுடர் கொடுத்தால் அந்த வேளைக்கான தாய்ப்பால் தேவை குறைகிறது. சில நாளில் சுரப்பும் குறைகிறது. பிறகு பால் போதவில்லை என்று இன்னொரு வேளை சேரும். "பழக்குவதற்காக" வாங்கும் முதல் பாக்கெட்டோடு செலவு நிற்பதில்லை. ஒரு நாளில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். இன்னொன்று: பால்பவுடரை விற்பதற்காகப் பரிசு, மாதிரி பாக்கெட் போன்ற தூண்டுதல்கள் தருவதை 1992-ம் ஆண்டு குழந்தைகள் பால் உணவுச் சட்டம் தடை செய்கிறது. அந்தக் கடைக்காரரின் சலுகையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பவுடரின் உண்மையான கணக்கைப் பார்ப்போம். 6 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 150 மில்லி வீதம் நாளைக்கு 900 மில்லி. பெரும்பாலான பவுடர்களில் 30 மில்லி தண்ணீருக்கு, பாக்கெட்டோடு வரும் ஸ்பூனில் தலைதட்டி ஒன்று. ஸ்பூன் சுமார் 4.5 கிராம். ஆக நாளைக்கு 135 கிராம், 400 கிராம் பாக்கெட் மூன்றே நாள். மாதம் 10 பாக்கெட். பாக்கெட் 500 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 5,000 ரூபாய்.

மனைவி வேலைக்குப் போன பிறகு தேவைப்படுவது இவ்வளவு அல்ல. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மணிக்குச் சுமார் 30 மில்லி போதும். பயணத்தோடு சேர்த்து 10 மணி நேரம் வெளியே இருந்தால் 300 மில்லி. அதைப் பீய்ச்சி வைத்துவிடலாம். பவுடராகவே கொடுத்தாலும் 26 வேலை நாளுக்கு 3 பாக்கெட், 1,500 ரூபாய்தான். காலை, மாலை, இரவு, ஞாயிறு எல்லாம் தாய்ப்பால் தொடரட்டும்.

வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம் முன்பே பீய்ச்சத் தொடங்கச் சொல்லுங்கள். பம்புக்கு 3,000 ரூபாய் ஒதுக்குங்கள். கையால் பீய்ச்ச வருமென்றால் அதுவும் மிச்சம். 60 முதல் 100 மில்லி வீதம் சிறு பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மொத்தமாக வைத்தால், சூடாக்கிக் கொடுத்த பிறகு மிஞ்சுவதைக் கொட்ட வேண்டிவரும். வெளியில் 25 டிகிரிக்குள் என்றால் 4 மணி நேரம் தாங்கும். வெயில் நாளில் உடனே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும், அங்கே 4 நாள் வரை இருக்கலாம். அடுப்பில் காய்ச்சக் கூடாது. வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்தால் போதும். புட்டிக்குப் பதில் பாலாடையில் (பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்) ஊட்டச் சொல்லுங்கள். விலையும் குறைவு, கொதிக்க வைத்துக் கழுவுவதும் எளிது. உங்கள் அம்மாவுக்கு அந்தக் கை ஏற்கெனவே பழகியிருக்கும்.

வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளை, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, மகப்பேறு உரிமையாகச் சட்டத்தில் இருக்கிறது. பீய்ச்ச அந்த நேரத்தைக் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். எச்.ஆருக்கு இப்போதே மெயில் போட்டு வையுங்கள். சம்பளமில்லா லீவில் ஒரு மாதம் நீட்டினால் 24,000 போகும். உடல்நிலை கேட்டாலொழிய அதற்கு அவசியமில்லை.

ஏதோ காரணத்தால் பவுடருக்கே முழுதாக மாற வேண்டிவந்தால், 5,000 தேவைப்படும் இடத்தில் 3,000 ஒதுக்காதீர்கள். மாதக் கடைசியில் பாக்கெட்டை இழுத்துப் பிடிக்க ஸ்பூன் குறைந்து தண்ணீர் கூடும். அதிகத் தண்ணீரால் குழந்தைக்கு எடை ஏறாது. ரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்புவரை போகும். பவுடரைக் கூட்டிப் போட்டாலும் ஆபத்துதான், மலச்சிக்கலும் நீரிழப்பும் வரும். வாய் வைத்து ஒரு மணி நேரத்துக்குமேல் ஆன பாலை "காசாயிற்றே" என்று மறுபடி கொடுக்காதீர்கள். மலிவு என்று பசும்பாலுக்கும் தாவ வேண்டாம். ஒரு வயதுக்குள் அதை முக்கிய உணவாக்கினால் இரும்புச்சத்து குறையும்.

இதற்காகத்தான் 15,000 ரூபாய் தனியாக வேண்டும் என்கிறேன். மூன்று மாத முழுப் பவுடர் செலவு அது. மனைவிக்கு இப்போது லீவுச் சம்பளம் வருகிறது அல்லவா, மாதம் 5,000 வீதம் மூன்று மாதம் வேறொரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். பிரசவக் காலத்துக்கான பால் சுரப்புப் பொடிகளில் அதில் ஒரு ரூபாயும் போக வேண்டாம். பாலூட்டும் தாய்க்கு நாளைக்கு 500 முதல் 600 கலோரி கூடுதலாக வேண்டும். மாதம் 1,500 ரூபாய்க்குப் பருப்பு, முட்டை, பால், கீரை, கடலை வாங்கினாலே தேறிவிடும்.

ஆறு மாதம் முடிந்ததும் செலவு பெரிதாகும் என்று பலர் பயப்படுவார்கள். 30 கிராம் அரிசி, 15 கிராம் சிறுபருப்பு, 5 கிராம் நெய் சேர்த்துக் குழைத்தால் 200 கலோரி. 8 மாதம் வரை தாய்ப்பாலோடு சேர்த்து வேண்டிய அளவு அது, பத்து ரூபாய்க்குள் முடியும். முதலில் வேளைக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி, பிறகு அரை கப். முட்டையும் பழமும் அப்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கி, 9 மாதத்தில் ஒரு முட்டை, அரை வாழைப்பழம் என்று ஆக்கினால் 300 கலோரி வந்துவிடும். நாளைக்கு 20 ரூபாய், மாதம் 600. உப்பு, சர்க்கரை, தேன் ஒரு வயது வரை வேண்டாம். அங்கன்வாடியில் பெயர் பதிந்தால் 6 மாதத்திலிருந்து சத்துமாவு இலவசம். இரும்புச்சத்து சிரப்பையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஆக ஆறாவது மாதம் வரை தாயின் கூடுதல் உணவுக்கு மாதம் 1,500, இடையில் பம்புக்கு ஒருமுறை 3,000. அதன் பிறகு குழந்தையின் உணவும் சேர்ந்து மாதம் 2,100. பகலில் மட்டும் பவுடர் கொடுக்க நேர்ந்தால் இன்னொரு 1,500. ஒரு வயது வரை அந்த 15,000-ஐத் தொடாமல் இருந்தால், குழந்தை பெயரில் வைப்பாகப் போட்டுவிடுங்கள்.