ஒரு கப் மாவு எத்தனை கிராம்? கப் அளவை கிராமாக மாற்ற ஒரே சூத்திரம் இருக்கிறதா?

சூத்திரம் இருக்கிறது: மில்லிலிட்டரை அந்தப் பொருளின் அடர்த்தியால் பெருக்கினால் கிராம். ஆனால் அடர்த்தி பொருளுக்குப் பொருள் மாறும். தண்ணீருக்கு அது ஏறக்குறைய 1. அதனால் 250 மில்லி தண்ணீர் 250 கிராம் இருக்கும். இதே கணக்கை மாவுக்கும் போட்டால் தேவையைப் போல இரண்டு மடங்கு மாவு விழுந்துவிடும்.

சமையல் குறிப்பு எந்த நாட்டுடையது என்பதையும் பாருங்கள். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200. டேபிள்ஸ்பூன் பெரும்பாலும் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20.

அமெரிக்கக் கப்புக்கு நான் எடுத்துக்கொள்ளும் எடைகள்: மைதா 120 முதல் 125 கிராம், சர்க்கரை 200, வெண்ணெய் 227, எண்ணெய் 215 சுமார், தேன் 340.

இதில் உண்மையிலேயே தொல்லை தருவது மாவுதான். சர்க்கரையை எப்படி அள்ளினாலும் எடை பெரிதாக மாறாது. மாவு அப்படியில்லை, அமுங்கும். கரண்டியால் தளர்வாகப் போட்டு மேலே வழித்துவிட்டால் 120 கிராம் வரும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 140, 150 வரைகூடப் போகும். மூன்று கப் மாவு கேட்கும் ரொட்டியில் இந்த வித்தியாசம் 60 கிராமுக்கு மேல், அதாவது அரை கப் மாவு கூடுதல். பிசையும்போதே மாவு இறுகிப்போய் நிற்கும். சலித்த பிறகு அளப்பதா, அளந்த பிறகு சலிப்பதா என்பதையும் கவனியுங்கள், சலித்த மாவு ஒரு கப்பில் எடை குறைவாகத்தான் இருக்கும்.

உப்பிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம் அளவுக்கு இருக்கும். செதில் செதிலான உப்பு அதில் பாதிகூட இருக்கலாம்.

என்னைக் கேட்டால், இணையத்தில் கிடைக்கும் பட்டியலை நம்புவதைவிட உங்கள் கப்பையே ஒருமுறை எடை போடுவது நல்லது. காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, வழக்கமாக அள்ளுவது போல மாவை அள்ளி எடையைப் பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்து, சராசரியை அந்த டப்பாவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். குறிப்பு எழுதியவரே எங்காவது "1 கப் (140 கிராம்)" என்று கொடுத்திருந்தால், அந்தக் குறிப்புக்கு அதுதான் சரியான எண். உங்கள் சராசரி அங்கே வேண்டாம்.

ஈஸ்ட், பேக்கிங் பவுடர் மாதிரி சில கிராம் மட்டுமே தேவைப்படுபவற்றுக்கு ஸ்பூனே போதும். ஒரு கிராம் இடைவெளியில் காட்டும் தராசில் 3 கிராமை நம்பி அளக்க முடியாது.

அப்புறம், பல தராசுகளில் மில்லி என்று ஒரு பொத்தான் இருக்கும். பெரும்பாலும் அது தண்ணீரை வைத்துப் போட்ட கணக்கு. அதில் எண்ணெய் ஊற்றி 100 மில்லி என்று காட்டினால், நீங்கள் ஊற்றியிருப்பது கிட்டத்தட்ட 109 மில்லி. எண்ணெய்க்கு கிராமிலேயே வைத்து, 100 மில்லிக்கு 92 கிராம் என்று அளந்துகொள்ளுங்கள்.