ஸ்பானியம் படிக்கும் மகளுக்குத் தமிழே துணை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். துறையூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த மகள், கோவையில் பி.காம். சேர்ந்து ஓர் ஆண்டு ஆகிறது. ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகளை இப்போதுதான் தட்டுத்தடுமாறிப் பிடித்துக்கொண்டு வருகிறாள். இந்த நேரத்தில் விருப்பப் பாடமாக ஸ்பானிய மொழியை எடுத்துவிட்டாள். ‘ஆங்கிலமே சரியாக வராத பெண்ணுக்கு இன்னொரு அந்நிய மொழி எதற்கு? அரியர் விழுந்தால் என்ன செய்வது? தேறினாலும் அதை வைத்து என்ன வேலை கிடைக்கும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று மாதத்தில் சரளமாகப் பேச வைத்து வேலையும் வாங்கித் தருவதாக ஒரு பயிற்சி நிலையம் பெரிய தொகை கேட்கிறது, நகையை அடகு வைக்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நகையை அடகு வைக்க வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

இப்போது உங்கள் பெரிய பயத்துக்கு வருவோம். ஆங்கிலம் நன்றாக வந்தால்தான் ஸ்பானியம் வரும் என்று நினைக்கிறீர்கள். நம் ஊரில் பாடப்புத்தகமும் ஆசிரியரின் விளக்கமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் முதல் செமஸ்டரில் மாணவர்களைத் திணறடிக்கும் பல இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் ஸ்பானியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்கிறோம். வலிப்பது தலை, அந்த வலி வருவது எனக்கு. ஸ்பானியத்தில் ‘மே துவெலே லா கபேசா’. ‘மே’ என்றால் எனக்கு, ‘துவெலே’ என்றால் வலிக்கிறது, ‘லா கபேசா’ என்றால் தலை. ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதும் அப்படித்தான்: ‘மே குஸ்தா எல் கஃபே’. ஆங்கிலத்தில் ‘நான்’ என்று தொடங்கிப் பழகியவர்களுக்கு இந்த வாக்கியம் தலைகீழாகத் தெரியும். வாரக்கணக்கில் தடுமாறுவார்கள். நாம் பிறந்ததிலிருந்தே ‘எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும்’ என்று நான்காம் வேற்றுமையில் பேசி வளர்ந்தவர்கள். உங்கள் மகள் இதைத் தமிழிலிருந்து நேராகப் பிடித்துக்கொண்டால் ஒரே நாளில் புரிந்துவிடும்.

வினைச்சொல்லும் அப்படியே. ‘பேசுகிறேன்’ என்றாலே பேசுவது நான் என்று தெரிந்துவிடுகிறது, ‘நான்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஸ்பானியத்தில் ‘ஆப்லோ’ பேசுகிறேன், ‘ஆப்லாஸ்’ பேசுகிறாய், ‘ஆப்லாமோஸ்’ பேசுகிறோம். விகுதியே ஆளைக் காட்டிவிடும். ‘நீ’க்கு ‘து’, ‘நீங்கள்’ என்பதற்கு ‘உஸ்தேத்’. யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்ற கூச்சமும் மரியாதையும் நமக்குப் புதிதல்ல. ‘நான் மாணவி’ என்பதற்கு ஒரு வினை, ‘நான் வீட்டில் இருக்கிறேன்’ என்பதற்கு வேறொரு வினை உண்டு: ‘சோய் எஸ்துதியாந்தே’, ‘எஸ்தோய் என் காசா’. தமிழில் முதல் வாக்கியத்தில் வினையே இல்லை, இரண்டாவதில் ‘இருக்கிறேன்’ வருகிறது. நம் மொழியும் அந்த இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. இந்த ஒப்புமை எல்லா இடத்திலும் பொருந்தாது. ‘அவள் உயரமாக இருக்கிறாள்’ என்று நாம் சொன்னாலும், ஸ்பானியத்தில் அங்கே ‘சோய்’ குடும்பத்து வினைதான் வரும். ஆனாலும் தொடங்குவதற்கு இது போதும்.

உச்சரிப்பில் நமக்கு இன்னும் வசதி. அ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிரொலிகள். ஸ்பெயின் நாட்டவர் தம் நாட்டை ‘எஸ்பாஞா’ என்பார்கள். அந்த ‘ஞ’ ஒலிக்கு அவர்கள் தனி எழுத்தே வைத்திருக்கிறார்கள், நாமும் வைத்திருக்கிறோம். கரை வேறு, கறை வேறு என்று பள்ளியில் படித்த பெண்ணுக்கு ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’, ‘பெற்ரோ’ போல நாக்கை உருட்டிச் சொன்னால் ‘நாய்’ என்பது விசித்திரமாகப் படாது. இன்றைய பேச்சில் நம்மில் பலர் ரகரத்தையும் றகரத்தையும் ஒன்றாகவே ஒலிக்கிறோம். ஸ்பானியத்தில் அது நடக்காது, பொருள் மாறிவிடும். அந்த உருட்டல் நம் றகரத்தைவிட வலியது, பழகத்தான் வேண்டும். தினமும் ஐந்து நிமிடம் சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். விடுதி அறையில் தோழிகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

கடினம் எங்கே என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. மேசை பெண்பால்: ‘லா மேசா’. (நம் ‘மேசை’ போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல், ‘அலமாரி’யும் அப்படித்தான். ஸ்பானியத்தில் ‘மேசா’, ‘அர்மாரியோ’ என்று பார்க்கும்போது தூரத்து உறவினரை அடையாளம் கண்டது போல இருக்கும்.) ‘ஓ’வில் முடிந்தால் ஆண்பால், ‘ஆ’வில் முடிந்தால் பெண்பால் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் கை என்ற ‘மானோ’ பெண்பால், நாள் என்ற ‘தீயா’ ஆண்பால். இதற்குத் தமிழில் துணை இல்லை. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் முன்னால் வரும் ‘எல்’ (ஆண்பால்) அல்லது ‘லா’வோடு (பெண்பால்) சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். ‘மேசா’ என்று தனியாக எழுதவே கூடாது, ‘லா மேசா’ என்றுதான் எழுத வேண்டும். முதல் வாரத்திலேயே இந்தப் பழக்கம் வராவிட்டால் மூன்றாவது மாதத்தில் எல்லாச் சொல்லையும் மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

ஒரு நோட்டு வாங்கித் தாருங்கள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஸ்பானியம், நடுவில் ஆங்கிலம் வேண்டாம். வகுப்பில் ஆங்கில விளக்கம் புரியாத இடத்தில் குறி வைத்துக்கொண்டு, ஆசிரியரிடம் வெட்கப்படாமல் எடுத்துக்காட்டு கேட்கட்டும். விளக்கத்தைவிட எடுத்துக்காட்டு எளிதாகப் புரியும். மொழி வகுப்பில் அப்படிக் கேட்பது தவறே இல்லை. முதல் நிலையில் எல்லாரும் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள், கான்வென்ட்டில் படித்த பெண்ணுக்கும் ‘ஓலா’ (வணக்கம்) அன்றைக்குத்தான் அறிமுகமாகிறது. உங்கள் மகளின் மூன்றாண்டுப் படிப்பில் எல்லாரோடும் ஒரே கோட்டில் நின்று தொடங்கும் பாடம் அநேகமாக இது ஒன்றுதான். அவள் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டுப் பாருங்கள்.

வேலைக்கு வருகிறேன். மூன்று கிரெடிட் பாடம் என்றால் ஒரு செமஸ்டரில் சுமார் 45 மணி நேர வகுப்பு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குப் பல மொழிகளைக் கற்பிக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கு எளிதில் வரும் மொழிகளின் வரிசையில்தான் அது ஸ்பானியத்தை வைத்திருக்கிறது. அப்படியிருந்தும், அந்த மொழியில் அலுவல் பார்க்கும் அளவுக்குத் தேற 600 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தினமும் ஒரு மணி நேரம் என்றால் மூன்று மாதத்தில் 90 மணி நேரம்தான் ஆகும். அந்தப் பயிற்சி நிலையத்தின் வாக்குறுதியை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். நகை ஏன் பெட்டியிலேயே இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

ஐரோப்பிய அளவுகோலில் மொழித்திறன் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். ஒரு செமஸ்டர் ஏ1 வாசலில் கொண்டுபோய் விடும். நிறுவனங்கள் ஸ்பானியம் தெரிந்தவர் தேவை என்று கேட்கும்போது பெரும்பாலும் பி2 அளவை எதிர்பார்க்கின்றன. இடையிலுள்ள தூரம் இரண்டு, மூன்று ஆண்டு உழைப்பு. அதை நடந்து கடக்க முடியுமா என்று இப்போதே முடிவு செய்யத் தேவையில்லை. முதல் செமஸ்டர் முடியும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: தேர்வுக்காக அல்லாமல் தானாக அந்த நோட்டை எடுத்துப் புரட்டுகிறாளா? ஆம் என்றால் தொடரட்டும். இல்லை என்றால் தேறிய மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்ளலாம், நஷ்டம் ஒன்றும் இல்லை.

தொடர்ந்தால் பி.காம். அவளுக்குப் பெரிய பலம். ஸ்பானியம் மட்டும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கணக்கும் ஸ்பானியமும் சேர்ந்து தெரிந்தவர்கள் அவ்வளவு இல்லை. ஸ்பெயின் தொடங்கி மெக்சிகோ, கொலம்பியா, பெரு, சிலி, அர்ஜென்டினா வரை இருபது நாடுகளில் அது ஆட்சிமொழி. சென்னை, பெங்களூர் அலுவலகங்களில் இருந்தபடி அந்த நாட்டு நிறுவனங்களின் பில்களைச் சரிபார்க்கும், கணக்குகளை முடிக்கும் வேலைகள் நடக்கின்றன. சென்னையைச் சுற்றித் தயாராகும் கார்கள் லத்தீன் அமெரிக்காவுக்குக் கப்பலேறுகின்றன. ராயல் என்ஃபீல்டு அர்ஜென்டினாவிலும் கொலம்பியாவிலும் பாகங்களைச் சேர்த்து வண்டிகளாக்கி விற்கிறது. திருப்பூர்ப் பின்னலாடை ஸ்பெயினுக்குப் போகிறது. இந்த வணிகத்தின் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனவே ஸ்பானியம் வந்தால் ஆங்கிலத்தை விட்டுவிடலாம் என்று அவள் நினைக்கக் கூடாது. வெறும் மொழிபெயர்ப்பு வேலையையும் நம்ப வேண்டாம். அந்த வேலையில் பெரும்பங்கை இப்போது இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. இயந்திரம் கொடுத்ததில் பிழை இருந்தால் கண்டுபிடிக்கும் கணக்கறிவுதான் அவளுக்குச் சம்பளம் தரும்.

ஓர் உதாரணம். ஸ்பானியத்தில் ‘பியோன்’ என்ற எண் உண்டு. ஆங்கில பில்லியன் போலவே ஒலிக்கும், எழுத்தும் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஆங்கில பில்லியன் 100 கோடி, ஸ்பானிய பியோன் ஒரு லட்சம் கோடி. ஸ்பெயினில் 1.234,56 என்று எழுதினால் அது ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கும் சில்லறையும். புள்ளியும் காற்புள்ளியும் நம் வழக்கத்துக்கு நேர் எதிராக இடம் மாறியிருக்கும். மெக்சிகோவிலோ நம்மைப் போலவே எழுதுவார்கள். இதெல்லாம் மொழிப் பாடப்புத்தகத்தில் ஓரத்தில் இருக்கும். ஒரு கணக்காளருக்கு இதுதான் முதல் பாடம். ‘ஃபக்தூரா’ என்றால் பில், ‘குவென்தா’ கணக்கு, ‘பாகோ’ பணம் செலுத்துதல், ‘இம்புவெஸ்தோ’ வரி. வாரத்துக்குப் பத்து என்று தன் துறைச் சொற்களை அவளே சேர்த்துக்கொண்டு போகட்டும்.

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்பெயின் அரசின் செர்வாந்தஸ் நிறுவனம் நடத்தும் ‘டெலே’ தேர்வுதான் உலகெங்கும் மதிக்கப்படுவது. அந்த நிறுவனத்துக்கு தில்லியில் மையம் இருக்கிறது. டெலே சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. ஆனால் ஏ1 நிலைக்குப் பணம் கட்டி எழுதுவதை நான் ஆதரிக்க மாட்டேன், அந்தச் சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை கொடுப்பதில்லை. பி1 வரும்வரை பொறுத்திருந்து அந்தப் பணத்தைச் சேமியுங்கள். அதில் வாசிப்பும் எழுத்தும் ஒரு பிரிவு, கேட்டலும் பேச்சும் இன்னொரு பிரிவு. இரண்டிலும் தனித்தனியாக 50-க்கு 30 எடுக்க வேண்டும். எழுத்தில் அள்ளி, பேச்சில் விட்டால் தேற முடியாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவர் கல்லூரித் தேர்வில் ஸ்பானியத்தில் மிக நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார். ஒரு நேர்முகத்தில் தொலைபேசி வழியாக இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். ‘ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா’ என்ற அட்டவணையைத் தவிர வேறொன்றும் அவர் வாயில் வரவில்லை. இரண்டு வருடம் படித்தவர் அவர். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து நானும் அவருக்குத் தைரியம் சொல்லி அனுப்பியிருந்தேன். அதன் பிறகு எந்த மாணவரிடமும் முதலில் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை, பேசிக் காட்டச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு மகள் ஊருக்கு வரும்போது நீங்களும் அதையே செய்யுங்கள். உங்களுக்கு ஸ்பானியம் தெரியாது என்பது தடையல்ல. தன் பெயர், ஊர், வீட்டில் யார் யார், என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று ஒரு நிமிடம் நிறுத்தாமல் சொல்லச் சொல்லுங்கள். தாளைப் பார்க்காமல் சொல்கிறாளா, தடங்கினாலும் மறுபடி தொடர்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். அடுத்த செமஸ்டர் பாடத்தைப் பதிவு செய்யும் தேதிக்கு முன்பாக, அவளுடைய பாடத்திட்டத்தின் நகலையும் அந்த நோட்டின் இரண்டு பக்கப் படத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.